கையெழுத்துப் போட்ட கப்பாசிற்றர்கள்

பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில், கடைகள் நிறைந்த ஒரு பிளாசாவின் பின்புற ஏணியில் ஏறி, கூரை மட்டத்துக்குத் தலையை உயர்த்தியபோது முதலில் கண்டது கறுப்பு நிற வட்டப் பிளாஸ்ரிக் மூடி ஒன்று. கூரையில் பரப்பியிருந்த சரளைக்கற்களின் மேல் கவிழ்ந்து கிடந்தது. அதிலிருந்து நாலடி தள்ளி, ஈரக் கடதாசிச் சுருள் ஒன்று பிரிந்து கிடந்தது. அதற்கப்பால் மீன்கடைக் குளிரறையின் இயந்திரம். பக்கத் தகடு கழற்றப்பட்டிருந்தது. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இயந்திரத்தின் நிழலில் எங்கள் கம்பனியில் வேலை செய்யும் ஸ்ரனிஸ் இடக்கண்ணை இரண்டு கைகளாலும் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய வாசிப்புக் கண்ணாடி நெற்றிக்கு மேல் ஏறி, உடையாமல் இருந்தது.

என் காலடிச் சத்தம் கேட்டதும் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"குலமண்ணையோ? பவரை நிப்பாட்டுங்கோ. நான் இன்னும் நிப்பாட்டேல்லை."

நிப்பாட்டினேன். கீழே நின்ற மீன்கடைக்காரரிடம் தண்ணீர்ப் போத்தல்கள் எறியச் சொல்லி, ஆறு போத்தல் தண்ணீரை அந்தக் கண்ணில் மெதுவாக ஊற்றினேன். கூரையில் வெடிச்சத்தம் கேட்டு என்னை அழைத்தவர் அந்தக் கடைக்காரர்தான். இயந்திரத்தில் ஒட்டியிருந்த சேவை அட்டையில் என் பெயரும் தொலைபேசி இலக்கமும் இருந்தன. நான் பதினொரு நிமிடத் தூரத்தில் வேறொரு வேலையில் நின்றேன்.

எங்கள் தொழில்துறைச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். குளிரூட்டித் தொழிலில் இருபத்தாறு வருட அனுபவத்தைப் புதிதாக வருபவர்களுக்கு உற்சாகம் தரும் விதத்தில் எழுத வேண்டுமாம். இப்போது வரும் புதிய இயந்திரங்களில், மோட்டாரைக் கிளப்பிவிடும் கப்பாசிற்றரை மாற்றும் வேலையே குறைந்துவிட்டது, பழைய ஆட்கள் அதைப் பற்றிச் சொன்னால் சுவையாக இருக்கும் என்று மலர்க்குழுவில் ஒருவர் சொன்னார். எனக்கு அதில் சுவையான விடயம் எதுவும் தெரியாது. தெரிந்ததை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் ஆறு வருடம் செய்தி ஆசிரியர் பகுதியில் வேலை செய்தேன். ரொறன்ரோவுக்கு வந்து மூன்று வருடம் கோப்பை கழுவினேன். பிறகு இரவு வகுப்பு, பயிற்சி, மணித்தியாலக் கணக்கு, சோதனை. லைசென்ஸ் கிடைத்தபோது எனக்கு முப்பத்தொன்பது வயது. அது இல்லாதவர் தனியாக இந்த வேலையைச் செய்வது இங்கே சட்டவிரோதம். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

நான் கூடுதலான காலம் வேலை செய்த கம்பனியை நடத்தியவர் நேசன் அண்ணை. ஸ்காபரோவில் கடை. எட்டு வான். கூரைக்கு ஏறுபவர்கள் பதினொருவர். அவர்களில் லைசென்ஸ் உள்ளவர்கள் இரண்டு பேர்: அவரும் நானும். அவர் கூரைக்கு ஏறி வருடக்கணக்காகிவிட்டது.

நேசன் அண்ணை ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. எல்லோரையும் "நீர்", "உமக்கு" என்றுதான் பேசுவார். கடினமான ஒன்றைக் கேட்கப்போகிறார் என்றால் முதலில் தன் கையால் தேத்தண்ணி ஊற்றித் தருவார். நாங்கள் ஒரு வாய் குடிக்கும் வரை காத்திருப்பார். தொலைபேசியை மேசையில் குப்புற வைப்பார். பிறகு "எங்கட ஆக்கள்" என்று தொடங்குவார். எங்கட ஆக்களுக்கு நாங்கள்தானே வேலை கொடுக்க வேணும். எங்கட ஆக்களை நாங்களே விட்டுக்கொடுக்கலாமோ. அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதிய கப்பாசிற்றர் பூட்டினால், அதன் உடம்பில் கறுப்போ வெள்ளியோ மை கொண்டு திகதியையும் பூட்டியவரின் பெயர் எழுத்துகளையும் எழுதிவிட வேண்டும். அடுத்து வருபவருக்கு அது எவ்வளவு காலம் ஓடியது, யாரிடம் கேட்கலாம் என்று தெரியும். நல்ல வழக்கம். நேசன் அண்ணையின் கடையில் அது திங்கட்கிழமை காலை ஏழரைக்கு நடந்தது. பன்னிரண்டு கப்பாசிற்றர்கள் உள்ள பெட்டி ஒன்றை என் முன்னால் வைப்பார். நான் வெள்ளி மைப் பேனையால் பன்னிரண்டிலும் என் பெயரின் இரண்டு ஆங்கில எழுத்துகளை எழுதுவேன். திகதிக்கு இடம் விடுவேன். அந்த வாரத்தில் யார் எந்தக் கூரைக்கு ஏறினாலும் என் எழுத்துள்ள ஒன்றை எடுத்துப் போய்ப் பூட்டி, திகதியைத் தானே போட்டுக்கொள்வார். யாராவது வந்து பார்த்தால், வேலையை லைசென்ஸ்காரன் செய்திருக்கிறான்.

ஒன்பது வருடம் அப்படி எழுதிக் கொடுத்தேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. முதல் திங்கட்கிழமை தேத்தண்ணி தந்தார். இரண்டாவது திங்கட்கிழமை அதுவும் தேவைப்படவில்லை. நடக்காத கூட்டத்துக்கு முதல் நாளே செய்தி எழுதிக்கொண்டு வந்த ஒரு நிருபரை எங்கள் நாளிதழில் வீட்டுக்கு அனுப்பினோம். அனுப்ப வேண்டும் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்.

ஸ்ரனிஸ் மன்னாரைச் சேர்ந்தவர். முழுப்பெயர் ஸ்ரனிஸ்லாஸ். ஊரில் படகு எஞ்சின்கள் திருத்தியவர். சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லுவார். பத்தில் எட்டுத் தடவை சரியாக இருக்கும். அவர் லைசென்ஸ் எடுக்க வேண்டுமானால் முதலில் கம்பனி அவரைப் பயிலுநராகப் பதிய வேண்டும். ஒவ்வொரு வருடமும் நேசன் அண்ணையிடம் கேட்டார். ஒவ்வொரு வருடமும் "வாற வருசம் பாப்பம்" என்ற பதில் வந்தது. பதிந்தால் அவரோடு கூரைக்கு ஒரு லைசென்ஸ்காரனை அனுப்ப வேண்டும். பதியாவிட்டால் யாருடைய கணக்கிலும் வராமல் தனியாக அனுப்பலாம்.

இனி அந்த இயந்திரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

கொம்பிறசர் மோட்டார் நின்ற நிலையிலிருந்து சுற்றத் தொடங்குவதற்கு ஒரு தள்ளு வேண்டும். அந்தத் தள்ளைக் கொடுப்பது ஸ்ராட் கப்பாசிற்றர். ஒரு குட்டி ரின் அளவு, கறுப்புப் பிளாஸ்ரிக் உடம்பு. அதன் வேலை ஒரு செக்கனுக்குள் முடிந்துவிடும். மோட்டார் வேகம் எடுத்ததும் ரிலே என்ற சின்னப் பெட்டி அதை மின்சுற்றிலிருந்து வெட்டிவிட வேண்டும். வெட்டாவிட்டால் கப்பாசிற்றர் சூடாகி, உள்ளே கடதாசிச் சுருளில் ஊறியிருக்கும் திரவம் கொதித்து, சில நிமிடத்தில் வெடிக்கும்.

மாற்றும் முறை இது. பிரதான மின் ஆளியை, அதாவது சுவிச்சை, நிறுத்திப் பூட்டுப் போட வேண்டும். மின்சாரம் இல்லை என்று மீற்றரால் பார்க்க வேண்டும். பழைய கப்பாசிற்றரில் மிச்சம் இருக்கும் மின்னை, இருபதாயிரம் ஓம் தடையி ஒன்றை இரண்டு முனைகளுக்கும் நடுவில் பிடித்து இறக்க வேண்டும். திருப்புளியைக் குறுக்கே வைத்து இறக்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் திருப்புளிகளைப் பார்த்தால் நுனி உருகியிருக்கும். பிறகு வயர்களைக் கழற்றிக் கப்பாசிற்றரை அளக்க வேண்டும். 189 முதல் 227 மைக்ரோபரட் வரை என்று உடம்பில் எழுதியிருந்தால் அதற்குள் வர வேண்டும். வராவிட்டால் அதே அளவில் புதியது.

இதுவரை எல்லோருக்கும் தெரியும். தெரியாதது ரிலே. அந்த வகை ரிலேயின் தொடுமுனைகள் மோட்டார் ஓடாதபோது மூடியே இருக்கும். பழுதாகி உருகி ஒட்டிக்கொண்டாலும் மூடியே இருக்கும். முதலில் சில கிழமைகள் விட்டுவிட்டு ஒட்டும், பிறகு ஒரேயடியாக ஒட்டிவிடும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மீற்றரை வைத்தால் நல்லதும் செத்ததும் ஒரே இலக்கத்தைக் காட்டும்: பூச்சியம். உண்மையைப் பார்க்க ஒரே வழி, தகட்டை மூடி, கப்பாசிற்றருக்குப் போகும் வயரில் மட்டும் கவ்வி மீற்றரை மாட்டி, தள்ளி நின்று இயக்குவது. ஒரு செக்கனில் இலக்கம் பூச்சியத்துக்கு விழ வேண்டும். விழாவிட்டால் உடனே நிறுத்த வேண்டும். கப்பாசிற்றர் வெடித்துச் செத்திருந்தால் இதெல்லாம் பார்க்காமலே ரிலேயையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. ரிலே உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான்.

அந்தக் கோடையில் ஒரு திங்கட்கிழமை, பெட்டியில் எழுதி முடித்துப் பேனையை மூடும்போது, மேசைக்கு அருகே இருந்த கழிவுத் தொட்டியைப் பார்த்தேன். வெடித்த கப்பாசிற்றர்கள் இரண்டு. இரண்டிலும் என் எழுத்து. திகதிகளுக்கிடையில் மூன்று கிழமை. நேசன் அண்ணையிடம் எந்தக் கூரை என்று கேட்டேன். கனகாலச் சாமான், வெய்யிலுக்கு வெடிக்கும் என்றார். ஒரே இயந்திரம் என்றால் ரிலே ஒட்டியிருக்கிறது, மாற்ற வேண்டும், ஏறுகிறவனுக்குக் கவ்வி மீற்றரைக் கொடுத்துவிடுங்கள் என்றேன். "ஓம் ஓம், சொல்லிவிடுறன்" என்றார். நான் என் வானை எடுத்துக்கொண்டு ஒஷாவாவுக்கு வேலைக்குப் போனேன்.

எந்தக் கூரை என்பதற்கு அவர் பதில் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். கேட்ட கேள்விக்கு வராத பதிலைக் கவனிப்பதுதான் என் முதல் தொழில். இரண்டாவது தடவை கேட்கவில்லை.

அதற்கு மூன்று நாளுக்குப் பிறகு, வியாழக்கிழமை, ஸ்ரனிஸ் அந்தக் கூரைக்கு ஏறினார். ஆறு கிழமைக்குள் அந்த இயந்திரத்துக்கு மூன்றாவது கப்பாசிற்றர். முதல் இரண்டையும் பூட்டியவர்கள் வேறு ஆட்கள். ஸ்ரனிஸுக்கு அது தெரியாது. அவர் ஆளியை நிறுத்தினார். மின்னை இறக்கினார். புதியதைப் பூட்டி, என் எழுத்துக்குக் கீழே திகதி போட்டார். ரிலேயில் மீற்றரை வைத்தார். பூச்சியம் காட்டியது. வேலைத்தாளில் "ரிலே சரி" என்று எழுதினார். இயக்கினார். மோட்டார் ஓடியது. வயர்களை ஒதுக்கி உள்ளே தள்ளுவதற்காகக் குனிந்தார். வேலைத்தாளைப் பிறகு நான் பார்த்தேன். அவருடைய எழுத்து உருண்டை உருண்டையாக, தெளிவாக இருந்தது.

அம்புலன்ஸை நான் அழைத்த பிறகுதான் நேசன் அண்ணையை அழைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, அம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டீரோ என்பது. அவசரப்பட்டுவிட்டீர், நான் காரைக் கொண்டு வந்திருப்பேனே என்றார். தீயணைப்பு ஆட்கள் ஸ்ரனிஸைக் கூடைத் தூக்கியில் இறக்கும்போது நேசன் அண்ணை பிளாசா வாசலில் நின்று மீன்கடைக்காரரோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் எனக்குத் தேத்தண்ணி ஊற்றினார்.

ஆங்கிலத்தில் அரைப்பக்கக் கடிதம் ஒன்று தயாராக இருந்தது. அதில் நான்கு விடயங்கள். வியாழக்கிழமை என்ற திகதி. அன்று காலை அந்தக் கப்பாசிற்றரை மாற்றியவன் நான். ரிலேயைப் பரிசோதித்தவன் நான். ஸ்ரனிஸ் அன்று விடுமுறையில், ஊர்க்காரரான மீன்கடைக்காரரைப் பார்க்க வந்து, யாரும் சொல்லாமல் கூரைக்கு ஏறித் தகட்டைக் கழற்றினார். நான்கில் உண்மை ஒன்று: திகதி.

"அவர் வேலையில நிண்டவர் எண்டு போனால் உம்மட லைசென்ஸ் போகும், என்ர கடை போகும், மற்றாக்களின்ர வேலை போகும்" என்றார். "ஸ்ரனிஸை நான் பாத்துக்கொள்ளுவன். எங்கட ஆள்தானே."

அப்போது எனக்கு அறுபத்திரண்டு வயது. ஓய்வுக்கு மூன்று வருடம் இருந்தது. அந்தக் கணக்கைத் தலைக்குள் போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். தேத்தண்ணியையும் குடித்து முடித்தேன்.

ஒன்பதாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதுவரை போகாததற்கு என்னென்னவோ காரணம் வைத்திருந்தேன். ஸ்ரனிஸின் இடக்கண்ணை மூடிப் பெரிய கட்டு. பிளாஸ்ரிக் துண்டொன்று உள்ளே போயிருந்தது. இரண்டு சத்திரசிகிச்சை முடிந்திருந்தது. கண் தப்புமோ இல்லையோ என்று வைத்தியர்கள் இன்னும் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் அவருடைய மகள் மெலனி கட்டிலருகில் மடிக்கணினியோடு இருந்தாள்.

நேசன் அண்ணை வந்து போனார் என்று ஸ்ரனிஸ் சொன்னார். லீவு நாளில் சும்மா ஏறியதாகச் சொல்லச் சொன்னாராம்.

"நான் ஓமெண்டிட்டன். இல்லாட்டி உங்கட லைசென்ஸ் போயிடுமாமே" என்றார். பிறகு, என் முகத்தை மற்றக் கண்ணால் பார்த்துவிட்டு, "விடுங்கோ அண்ணை. ஒரு கண் இருக்கு. மீன்காரன் பழசைத் தந்தால் கண்டுபிடிக்க அது காணும்" என்றார்.

மெலனி சிரிக்கவில்லை. கணினியை மூடினாள்.

"அங்கிள், அந்தக் கப்பாசிற்றரில இருக்கிறது உங்கட லெட்டர்ஸ்தானே?"

ஓம் என்றேன்.

"அப்ப நீங்கள் அண்டைக்கு ரூஃபில நிண்டீங்களோ? யெஸ் ஓர் நோ."

"மெலனி, அங்கிளோட அப்பிடிக் கதைக்கிறேல்லை" என்றார் தகப்பன்.

"அப்பா லீவில நிண்டவர் எண்டா அவருக்குக் கொம்பென்சேஷன் ஒண்டும் வராது அங்கிள். ஹி வோஸ் நெவர் அட் வேர்க். பேப்பரில அப்பிடித்தான் இருக்கும். ஒன்பது வருஷம் வேலை செய்த ஆள், வேலையே செய்யேல்லை."

நான் எழுந்து வந்தேன். கார் தரிப்பிடத்தில் அரை மணித்தியாலம் இருந்தேன். நேசன் அண்ணைமேல் எனக்கு வந்த கோபம் பெரிதாக இருந்தது. அந்தப் பெண்மேலும் கொஞ்சம் வந்தது என்பதையும் எழுத வேண்டும். கட்டுப்போட்ட கண்ணோடு படுத்துக்கொண்டு என் லைசென்ஸைக் காப்பாற்றப் பொய் சொல்லும் மனிதர்மேலும் கோபம் வந்தது. கடைசியில் கோபப்பட வேண்டிய ஆள் காருக்குள் இருந்தான்.

பதினோராம் நாள் தொழில் அமைச்சின் பரிசோதகரைச் சந்தித்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். உள்ளிருப்பது தெரியும் பிளாஸ்ரிக் பை ஒன்றை மேசையில் வைத்தார். உள்ளே மூடி பறந்த கப்பாசிற்றர். என் எழுத்து அழியாமல் இருந்தது.

யாருடைய எழுத்து என்று கேட்டார். என்னுடையது. எப்போது எழுதினீர்கள்? திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு. இதில் வியாழக்கிழமைத் திகதி இருக்கிறதே? திகதி என்னுடையது அல்ல. எங்கே வைத்து எழுதினீர்கள்? கடையில், பெட்டியில் இருந்த மற்றப் பதினொன்றோடு சேர்த்து.

அவர் பேனையைக் கீழே வைத்தார். இது எவ்வளவு காலமாக நடக்கிறது என்று கேட்டார். ஒன்பது வருடம் என்றேன். நான் கையெழுத்திட்ட கடிதத்தை எடுத்து, இதில் எது உண்மை என்று கேட்டார். திகதி என்றேன். கழிவுத் தொட்டியில் கண்ட இரண்டையும், நான் ஒரு தடவை மட்டும் கேட்டதையும் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார். என்னைப் பாராட்டவும் இல்லை, ஏசவும் இல்லை. இரண்டு மணித்தியாலம் எடுத்தது.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், நான் சொன்னதை ஸ்ரனிஸிடம் சொன்னேன். அப்போ தானும் உண்மையைச் சொல்லலாமோ என்று கேட்டார். அனுமதி கேட்பதுபோலக் கேட்டார். அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

என் லைசென்ஸை நிறுத்தினார்கள். தண்டமும் விதித்தார்கள். சரியான தண்டனை. அது திரும்பக் கிடைப்பதற்குள் ஓய்வுபெறும் வயது வந்துவிட்டது. நேசன் அண்ணை வழக்கறிஞர் வைத்தார், கடையை மூடினார். அவர் என்னை ஒரே ஒரு தடவை அழைத்தார். அதே தாழ்ந்த குரல். "எங்கட ஆக்களைக் காட்டிக் குடுத்திட்டீர்" என்றார். ஸ்ரனிஸ் யாருடைய ஆள் என்று கேட்டேன். தொலைபேசியை வைத்துவிட்டார்.

யூனியன்வில்லில் ஒரு கலியாண வீட்டில், என்னோடு ஒரே மேசையில் இருந்த இருவர் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்கள். இருவரும் இந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள். இந்த மலரை வாசிப்பார்கள். அவர்களின் கடைகளில் திங்கட்கிழமை காலையில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒருவரின் கடையில் பேனை வெள்ளி, மற்றவரின் கடையில் கறுப்பு. பெட்டியில் எழுதிக் கொடுக்கும் லைசென்ஸ்காரர்களையும் எனக்குத் தெரியும். அவர்கள் நல்ல தொழிலாளர்கள். நானும் நல்ல தொழிலாளிதான். ஒவ்வொருவரும் தன்னுடைய எழுத்து எந்தக் கூரையில் இருக்கிறது என்று இன்றைக்குச் சொல்லட்டும் பார்க்கலாம். மலர்க்குழு இந்தப் பந்தியை வெட்டினால் கட்டுரை முழுவதையும் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இழப்பீட்டுச் சபையின் கடிதம் ஒரு புதன்கிழமை வந்தது. மெலனி தொலைபேசியில் எனக்கு வாசித்துக் காட்டினாள். விபத்து நடந்தபோது அவர் வேலையில் இருந்தார் என்று ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அவருடைய இடக்கண்ணை அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை வைத்தியர்கள் எடுத்திருந்தார்கள்.